சாம்பல் கிளியின் சாட்சி

அநியாயம் செய்யப்பட்டவள் பெயர் பிரிஸ்கில்லா. வலம்புரி வளாகத்தின் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவள். வெளியூர் போனவர்கள் வீட்டுக் கிளிகளுக்குத் தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, கூண்டு கழுவிப் பிழைத்தவள். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நிறுத்தி, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். யாருடைய சாட்சியின் பேரில் என்றால், ஒரு கிளியின் சாட்சியின் பேரில். கிளியைக் கேட்டார்கள், கிளி வளர்ப்பவரைக் கேட்டார்கள், பக்கத்து வீட்டுக் கிளிகளைக்கூடக் கேட்டார்கள். அவளைப் பார்த்து, நீ எடுத்தாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் இதை எழுதுவது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

எங்கள் வளாகம் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. பாதி வீடுகளில் கப்பலுக்குப் போன ஆண் ஒருவன் உண்டு. கப்பலேறுகிறவன் வீட்டுக்குத் துணையாக ஒரு கிளியை வாங்கி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது எங்கள் இடத்து வழக்கம், யார் தொடங்கியது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் கை காட்டுவார்கள். நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தால் வனத்துறை வந்து நிற்கும் என்பதால், வந்ததெல்லாம் வெளிநாட்டுச் சாதிகள். மூன்றாம் மாடி மரியபாக்கியம் சித்தி வீட்டில் காக்டெயில் என்கிற கிளி: மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, பயந்தால் தலைக்கொண்டை நட்டுக்கொண்டு நிற்கும், கோபம் வந்தால் படிந்துவிடும், பேச்சு வராது, சீழ்க்கைதான். இரண்டாம் மாடியில் புதுப்பெண் ஜெமீமாவுக்குப் புருஷன் வாங்கிக் கொடுத்தது சன் கனூர், தீப்பிடித்த மாதிரி நிறம், தோளை விட்டு இறங்காது, இறக்கிவிட்டால் அது கத்துகிற கத்தலுக்குத் துறைமுகச் சங்கு தோற்கும். எங்கள் வீட்டில் இரண்டு பட்ஜி. இதைத்தான் கடையில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள். அது பொய், லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, குட்டைவால், பட்ஜி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, நீளவால், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இதை நான் கடை வாசலில் நின்று வாதாடினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நீங்க சொல்லுத பேரையே வச்சுக்கிடுவோம், தினை எம்புட்டு போடட்டும்?" என்றார்.

முதல் மாடி ஞானசிகாமணி மாமா வீட்டில் இருந்தது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. கருத்த அலகு, ரத்தச் சிவப்பில் வால், பெயர் கவர்னர். மற்றக் கிளிகள் எதைச் சொன்னாலும் தங்கள் கீச்சுக் குரலில்தான் சொல்லும், சாம்பல் கிளி அப்படி இல்லை, யார் குரலைக் கேட்டதோ அந்தக் குரலிலேயே திருப்பித் தரும். மாமா எங்கள் நலச்சங்கத்தின் செயலாளர். அவர் மனைவி தங்கபுஷ்பம் அத்தைக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோன பிறகு, கப்பலில் இருக்கிற மகன் வாங்கி வைத்த கிளி அது.

புயல் வருகிறது வருகிறது என்று சொல்லிச் சொல்லி வராமல் போன அந்த ஐப்பசியில், ஒரு நாள் விடிகிற நேரம், வளாகத்துக் கிளிகள் எல்லாம் ஆளுக்கொரு பெயரைச் சொல்லின. அதுவரை கேட்டே இராத பெயர்களைச் சொல்லின, பேச வராத கிளிகளும் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் சொல்லின, சொல்லிவிட்டுத் தினை கொத்தப் போய்விட்டன. மறுநாளும் அதே நேரம், அதே பெயர். இதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. பேசும் பறவை பேசிவிட்டது, அவ்வளவுதான். கேள்வியெல்லாம், எதற்காக அந்தப் பெயரைச் சொல்லிற்று என்பதாகவே இருந்தது. என் அப்பா பால் வாங்கப் போன இடத்திலிருந்தே பதிலோடு வந்தார்: "காரணமில்லாம ஒருத்தன் பேர எதுக்கு எடுக்கும்?"

அதே வாரம் தங்கபுஷ்பம் அத்தையின் இரட்டைவடச் சங்கிலி பீரோவில் இல்லை என்று ஆயிற்று. விடியலில் கவர்னர் சொல்லிக்கொண்டிருந்த பெயர் பிரிஸ்கில்லா. மாமா சங்கத்து வேலையாகக் கலெக்டர் ஆபீசுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் அலைகிற நாட்களில் அந்த வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும். முடிச்சுப் போட இதற்கு மேல் என்ன வேண்டும்? ஞாயிறு பூசை முடிந்ததும் மொட்டைமாடியில் கூடினார்கள், கவர்னரைக் கூண்டோடு கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டித் திட்டின் மேல் வைத்தார்கள், அது எல்லோரையும் ஒரு கண்ணால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெளிவான ஒரு பெண் குரலில், "பிரிஸ்கில்லா" என்றது.

நான் படிக்கிற பல்கலைக்கழகம் திருநெல்வேலியில். படிப்பு விடுமுறைக்கு வந்திருந்தேன். எழுந்து நின்றேன். பின்வரிசையில் அப்பா, "எதிர்க்கட்சி எந்திச்சிட்டு" என்று முனகியது எனக்கே கேட்டது.

"மாமா, கிளி பேர்தான சொல்லிச்சு. திருடின்னு சொல்லலையே."

"ஏட்டி, போலீஸ் நாய் யாரு காலடியில போய் நிக்குதோ அவனப் புடிக்காங்கல்லா? நாய் என்ன வாயத் தொறந்தா சொல்லுது?" என்றார் ஞானசிகாமணி மாமா.

"நாய் மோப்பம் புடிக்கும் மாமா. கிளிக்கு ஏது மோப்பம்?"

"மூக்கு எம்புட்டுப் பெருசா இருக்கு பாரு," என்றது ஒரு குரல். மாடியே சிரித்தது. சிரித்த கூட்டத்தை வைத்துக்கொண்டு எந்த வாதத்தையும் ஜெயிக்க முடியாது என்பதை அன்றைக்குப் படித்துக்கொண்டேன். பிரிஸ்கில்லா அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால்தானே பேச. சாவிக்கொத்தைத் திட்டின் மேல், கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் தலை மறைந்த பிறகு கவர்னர் இன்னொரு முறை அவள் பெயரைச் சொல்லிற்று, கூட்டம் பார்த்தீர்களா என்பது போலத் தலையாட்டியது.

அவள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஐஸ் கம்பெனிகள் இருக்கிற தெருவுக்குக் குடிபோய், இறால் உரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். திருடி போய்விட்டாள், இனி நிம்மதி என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் கிளிகள் நிறுத்தவில்லை. ஒரு கிளியின் சொல் ஓர் ஆளை வெளியேற்றப் போதும் என்றால், மீதிக் கிளிகளின் சொல்லும் சும்மா போகுமா? ஜெமீமாவின் சன் கனூர் விடிந்ததும் "அந்தோணி" என்று கத்தியது, வளாகத்தில் மூன்று அந்தோணிகள் இருந்தார்கள், மூன்று பேரும் இரண்டாம் மாடியைத் தாண்டவே பயந்து மின்தூக்கிக்குக் காத்துக் கிடந்தார்கள், ஜெமீமாவின் மாமியார் திருச்செந்தூர்ச் சாலையிலிருந்து பெட்டியோடு வந்து காவலுக்கு உட்கார்ந்தாள். மரியபாக்கியம் சித்தியின் காக்டெயில் பெயருக்குப் பதிலாக ஒரு சீழ்க்கை அடித்தது, கீழேயிருந்து மாடிக்கு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அது கள்ளன்களுக்குக் கொடுக்கிற சைகை என்று வாட்ச்மேன் முடிவு செய்து டார்ச்சோடு சுற்றினார். கூண்டுகளின் மேல் போர்வை விழுந்தது. போர்வைக்குள்ளிருந்தும் பெயர் வந்தது. ஒருவர் பழைய மிளகாய் ஊறுகாயைக் கொடுத்துப் பார்த்தார், மிளகாய் உறைப்பது கிளிக்குத் தெரியவே தெரியாது என்பதால் அது ருசித்துத் தின்றுவிட்டு இன்னும் உரக்கச் சொல்லிற்று.

கொஞ்ச நாளில் ஜனங்கள் கிளிச் சாதிகளை என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டார்கள், ஆனால் பிரியத்தில் அல்ல. புருஷன் மேல் சந்தேகம் உள்ளவள் எது தெளிவாகப் பேசும் என்று விசாரித்தாள், மடியில் கனம் உள்ளவன் எது பேசவே பேசாது என்று விசாரித்தான், கடைக்காரர் ஆளின் முகத்தைப் பார்த்தே பறவையை எடுத்து வைத்தார். பேசாத சாதி என்று நம்பி இரண்டு வீட்டார் பட்ஜியைக் கொடுத்துவிட்டு அசல் ஆப்பிரிக்க லவ் பேர்ட் வாங்கினார்கள். அது பேசவில்லைதான். காகிதத்தை நறுக்கு நறுக்காகக் கிழித்து இடுப்பிறகில் செருகிக்கொண்டு போய்க் கூடு கட்டுகிற சாதி அது. கூண்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாளைக் கிழித்து, மரண அறிவிப்பிலிருந்தோ மணமகள் தேவையிலிருந்தோ ஒரே ஒரு பெயருள்ள நறுக்கை மட்டும் செருகிக்கொண்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

எங்கள் வீட்டுப் பட்ஜிகள் சொன்ன பெயர் கனகமணி. பட்ஜி பேசுவது வேகவேகமாக, ரேடியோ ஸ்டேஷன் மாறுகிற மாதிரி இருக்கும், ஆனாலும் கனகமணி என்பதில் சந்தேகமில்லை. அப்பா உப்புக் கம்பெனியில் கணக்கர், ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர். அவர் காலையில் பல் துலக்கியபடியே கூண்டைச் சுற்றினார். மாலையில் சட்டையைக் கழற்றாமல் கூண்டைச் சுற்றினார். "எந்தக் கனகமணி? எந்த ஊர்? சொல்லு," என்று பட்ஜிகளிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடம் உப்பு உறைப்பைத் தவிர வேறு பேச்சில்லை. சோற்றை வைத்தால் முதலில் மோந்து பார்க்க ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, யாரும்மா அது கனகமணி?" என்றேன், அவர் இருக்கும்போதே.

அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எங்கூட டீச்சர் ட்ரெயினிங்ல ஒரே ரூம்ல இருந்தவ. சாத்தான்குளத்துக்காரி. கல்யாணம் ஆகிப் பம்பாய்க்குப் போனா, அதோட விட்டுப் போச்சு. இந்த மழ மாசம் வந்தா அவ நெனப்பு வரும், ரெண்டு பேரும் ஒரே கொடையில போவோம்."

அப்பாவின் கையிலிருந்த தினை டப்பா அப்படியே நின்றது. "பொம்பளையா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேட்டீயளா? கிளியத்தான சுத்திச் சுத்தி வந்தீய."

அப்பா அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கோ சோறு இறங்கவில்லை, ஏனென்றால் விஷயம் முழுக்க என் முன்னால் வந்து நின்றுவிட்டது. கிளி கூட்டமாக வாழ்கிற பறவை. கூட்டத்தில் ஒன்று கண்ணுக்கு மறைந்தால் அதைக் கூப்பிடும், பதில் வரும்வரை கூப்பிடும், எந்தச் சாதியானாலும் அதன் இயல்பு அதுதான். எங்கள் கிளிகள் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தந்த வீட்டில் யார் யாரைத் தேடுகிறார்களோ, அவர்களைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தன. மாடிக்கு ஓடினேன். மரியபாக்கியம் சித்தியிடம் அந்தச் சீழ்க்கை யாருடையது என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் கேட்ல நின்னு அடிக்கது," என்றாள் சித்தி. "மூணு மாசத்துல வந்திருதேன்னு கப்பலேறினாவ." அவள் வாட்ச்மேனிடம் அதைச் சொல்லவில்லை. வாட்ச்மேன் கேட்கவில்லை. ஜெமீமாவின் அந்தோணி அவளுடைய தம்பி, ஒன்பதாவது படிக்கிறான்; கல்யாணமான நாளிலிருந்து அவனைப் பார்க்கவில்லை என்று மாமியார் காதில் விழாமல் சொல்லி அழுதாள்.

அடுத்த ஞாயிறு மாடியில் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். தர்க்கத்தில் ஓட்டை கிடையாது, ஒவ்வொரு வீடாகச் சாட்சி வைத்துப் பேசினேன். கூட்டம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கேட்டது, ஒத்துக்கொண்டது, சங்கத்தின் பொருளாளர் நான் சொன்னதுதான் சரி என்று எழுந்தே சொன்னார். ஒரு நிமிடம் நான் ஜெயித்துவிட்டேன். பிறகு முன்வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்து அம்மாளிடம் மெதுவாக, மாடி முழுக்கக் கேட்கிற மெதுவில், "அப்பம் செயலாளரு வீட்டுல பிரிஸ்கில்லாவத் தேடுதது யாரு?" என்றாள்.

எல்லாத் தலைகளும் ஞானசிகாமணி மாமா பக்கம் திரும்பின. சந்தேகம் ஒழியவில்லை, நாற்காலி மாறி உட்கார்ந்தது. சாவி கொடுத்து வைத்திருந்தது எதற்கு என்றார்கள். சங்கிலி போனதா, கொடுத்ததா என்றார்கள். திருடி என்ற பட்டத்தை அவள் தலையிலிருந்து இறக்கி, அதைவிட மோசமான ஒன்றை அந்த இடத்தில் வைத்தார்கள், எடுத்துக் கொடுத்தது என் வாய். மாமாவின் முகம் கவர்னரின் நிறத்துக்கு வந்தது. "ஏட்டி, ஒனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று என்னைக் கேட்டார். இவ்வளவு நாளில் அவர் பதிலை எதிர்பார்த்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மறுநாள் காலை, வேண்டாமென்று அம்மா தடுத்தும், அவர் வீட்டுக்குப் போனேன். மாமா கதவைப் பாதிதான் திறந்தார். "இன்னும் என்னத்துக்கு வந்திருக்க?" என்றார். வீட்டுக்குள் இரண்டு தட்டு இட்லி ஆறிக் கிடந்தது. கவர்னர் நெஞ்சிறகை முழுக்கப் பிடுங்கிப் போட்டிருந்தது. துணை இல்லாத சாம்பல் கிளி அப்படித்தான் தன்னையே உரித்துக்கொள்ளும். சன்னலோரக் கட்டிலில் தங்கபுஷ்பம் அத்தை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். கிளியோடு அத்தைக்கும், மைனி மைனி என்று கூப்பிட்டு, வேளாவேளைக்கு ஊட்டிவிட்டது பிரிஸ்கில்லாதான்; அவள் போன பிறகு வாய்க்குள் எதுவும் சரியாக இறங்கவில்லை என்று டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லியிருக்கிறார், இப்படியே போனால் தாங்காது என்றும் சொல்லியிருக்கிறார். மாமா இதை என்னிடம் சொல்லவில்லை, எனக்கு முதுகைக் காட்டி நின்று சுவரிடம் சொன்னார்.

மொட்டைமாடியில் நாங்கள் எல்லோரும், நானும்தான், அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒருவர் என்றே போட்டிருந்தோம்.

"பிரிஸ்கில்லா," என்றது கவர்னர்.

"மாமா, இது யார் குரல்?"

"கிளிக் குரல்."

"சாம்பல் கிளிக்குன்னு தனிக் குரல் கிடையாது மாமா. இது ஒரு பொம்பளக் குரல்."

"நேத்து மாடியில கெளப்பிவிட்டது போதாதா? இன்னும் எவ பேர இழுக்கப் போற?" என்று என் மேல் பாய வந்தவர் பாதியில் நின்றார். கவர்னர் இன்னொரு முறை கூப்பிட்டது. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, அடுக்களையிலிருந்து முன்னறைக்குக் கேட்கிற மாதிரி, பாதி அதட்டலும் பாதிச் சிரிப்புமாய். மாமா கட்டிலைப் பார்த்தார். கிளி அந்த வீட்டுக்கு வரும்போதே அத்தைக்குப் பேச்சு கிடையாது, அந்தக் குரலை அது கேட்டிருக்க வழியே இல்லை. ஆனாலும் அந்தக் குரலில்தான் இத்தனை நாளும் கூப்பிட்டுக் கொண்டிருந்தது, ஊர் கூடிக் கேட்டது, ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை, முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவருக்கும் தெரியவில்லை. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "புஷ்பம், நீயாளா?" என்றார். அத்தை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ் கம்பெனித் தெருவுக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்தார். "சங்கிலிப் பேச்சே எடுக்க வேண்டாம், என்ன?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒருவேள அவதான் எடுத்திருந்தான்னா?" என்றார். அதற்கும் கொஞ்சம் கழித்து, "எடுத்திருந்தாலும் பரவால்ல," என்றார். சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிரிஸ்கில்லா அக்கா வாசலில் இறால் கூடையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழவில்லை. தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. மாமா நின்றபடியே பேசினார். கவர்னர் இறகைப் பிடுங்குவதைச் சொன்னார், அத்தை சாப்பிடாததைச் சொன்னார், அந்தப் பழைய அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றார், வாடகை வேண்டாம் என்றார், நடந்தது நடந்துபோயிற்று என்றார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"மாமா," என்றேன். "கேக்க வேண்டியத இன்னும் கேக்கல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், சின்ன வயதில் இவளைக் கண்டித்து வளர்த்திருக்கலாம் என்பது எழுதியிருந்தது. தெருவைப் பார்த்தார், திறந்த கதவுகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமி, செயலாளர் குரலில் ஆரம்பித்து, வேறெந்தக் குரலிலோ முடித்தார்.

"சங்கிலிய நீ எடுத்தியாம்மா?"

பிரிஸ்கில்லா அக்கா கூடையைத் திண்டில் சாய்த்து வைத்தாள். இப்போது ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"எடுக்கல அண்ணாச்சி. சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க, அந்தக் கேட்டுக்குள்ள நான் இனி வர மாட்டேன். மைனிய வீல்சேர்ல வச்சு நீங்களே தள்ளி, ரோட்டு வழியா, எல்லாரும் பாக்க தெனமும் இங்க கொண்டாந்து விடுங்க. தலைய மட்டும் நீங்க சீவிராதீய, உச்சி வகிடு எடுத்தா மைனிக்குப் புடிக்காது, அத நான் பாத்துக்கிடுதேன்."